கொடியை வார்த்த சிற்பி

மயிலாப்பூரில் ராதாகிருஷ்ணன் சாலை கடலைத் தொடும் முனையில் 1959-இல் நிறுவப்பெற்ற காந்தியடிகள் சிலையை நமது நேயர்கள் அறிவர். அதே ஆண்டில் அதே கடற்கரையில் எழுந்த உழைப்பாளர் சிலையையும் அறிவர். இவ்விரண்டையும் ஆக்கிய ஸ்ரீ தேவி பிரசாத் ராய் சௌத்ரி, நமது கொடிக்கும் வெண்கலத்தில் வடிவம் தந்தவர் என்பதைச் சென்னைவாசிகளிற் பலர் அறியார். அச்சிற்பம் பாட்னாவில் இருப்பதே காரணம் போலும்.

1899-இல் வங்காளத்து ரங்கபுரம் ஜில்லாவில் பிறந்த அவர், ஓவியம் பயின்றது அவனீந்திரநாத தாகூரிடத்தில். வங்கப் பிரிவினையால் தேசம் கொதித்த 1905-இல் அந்த ஆசிரியர் தீட்டிய பாரதமாதா சித்திரம் பிரசித்தமானது. அன்னையின் நான்கு கரங்களில் ஏடும் நெற்கதிரும் வெண்துகிலும் ஜபமாலையும் உள, கொடி இல்லை. தேசம் முழுவதும் ஒப்பிய கொடி அப்போது ஏது? பெஸண்ட் அம்மையார் அடையாற்றிலிருந்து நடத்திய சுயாட்சி இயக்கம் 1917-இல் உயர்த்திய கொடியிற்கூட, ஒரு மூலையை பிரிட்டிஷ் கொடி பிடித்துக்கொண்டிருந்தது! காவி, வெண்மை, பசுமை கொண்ட கொடியைக் காங்கிரஸ் 1931-இல் ஏற்றது. படம் எழுதுவோர் அதனை அன்னையின் கையிற் கொடுத்தனர். அப்படங்களில் கொடி பட்டுப்போல் மிளிர்கிறது. தாங்குவது தெய்வத்தின் கரமாதலால் அங்கே களைப்பில்லை, குருதியில்லை.

ராய் சௌத்ரி 1929-இல் சென்னை அரசாங்கக் கலைப் பள்ளியின் தலைமையை ஏற்றார். இந்தியர் ஒருவர் அப்பதவிக்கு வந்தது அதுவே முதன்முறை. 1932 ஜனவரி 26-ந் தேதி ஜார்ஜ் கோட்டைக் கொடிமரத்தில் பாஷ்யம் என்னும் இளைஞர் மூவர்ணக் கொடியை ஏற்றியபோது, இவர் அதே சர்க்காரிடம் சம்பளம் பெற்ற உத்தியோகஸ்தர். 1937-இல் எம்.பி.இ. பட்டமும் பெற்றார். இவற்றைக்கொண்டு அவரது தேசபக்தியை அளப்போர் அளக்கட்டும். நாம் அவரது வேலையைக் கொண்டே அளப்போம்.

1942 ஆகஸ்ட் 11-ந் தேதி பாட்னா தலைமைச் செயலகத்தில் கொடியேற்றச் சென்ற மாணவர் எழுவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்கள் நினைவுச் சின்னத்துக்கு அடிக்கல் நாட்டிய நாள் 1947 ஆகஸ்ட் 15. ராய் சௌத்ரி வார்த்த அச்சின்னத்தை 1956-இல் ராஷ்டிரபதி ராஜேந்திர பிரசாத் திறந்து வைத்தார்.

அவ்வெண்கலத்தில் மூவர்ணம் இல்லை, அன்னையும் இல்லை. கொடியுடன் முன்னேறும் இளைஞரும், குண்டுபட்டுச் சாயும் தோழருமே உளர். துணியின் இலேசெல்லாம் போய், தூக்குவதற்கு அரிய பாரமாகக் கொடி மாறியிருக்கிறது. குரு கொடியின்றி அன்னையை எழுதினார். சீடரோ அன்னையின் கையிலிருந்த கொடியை அவள் பிள்ளைகளிடம் சேர்த்துவிட்டார். கொடியை எழுதியோர் எத்தனையோ பேர். அதன் பாரத்தைக் காட்டியவர் இவரென்பது நமது துணிபு.

1957-இல் பள்ளியினின்று ஓய்வு பெற்றார், மறு ஆண்டு பத்மபூஷண் விருது வந்தது, 1975-இல் காலமானார். காரியார்த்தமாகப் பாட்னா செல்லும் நம் அன்பர்கள், செயலகத்தின் முன் சிறிது நின்று அவ்வெழுவரைக் கண்டு வருவார்களாக. பாறையை நெம்பும் நமது உழைப்பாளர் நால்வரின் தோள்களை அங்கே அடையாளம் கண்டுகொள்வர்.