கறிவேப்பிலையில் குடியிருக்கும் தரங்கம்பாடி டாக்டர்

ரசத்துக்குத் தாளிக்கும்போது கிள்ளிப் போடுகிறோமே கறிவேப்பிலை, அதன் தாவரவியல் பெயரில் ஒரு தரங்கம்பாடி டாக்டர் இருப்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? முர்ரயா கோனிகி என்பது அந்தப் பெயர். அதில் கோனிகி என்பது யோகான் கெரார்டு கோனிக் என்ற மருத்துவரைக் குறிக்கிறது.

கோனிக் 1728-ல் லிவோனியாவில் பிறந்தார். இன்று லாட்வியா இருக்கும் பகுதி. ஸ்வீடனில் லின்னேயஸிடம் படித்தார். உலகத்துச் செடிகளுக்கெல்லாம் இரண்டு சொல்லில் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டியவர் இந்த லின்னேயஸ்தான். பிறகு டென்மார்க்குக்குப் போன கோனிக், அங்கிருந்து ஐஸ்லாந்து சென்று செடிகள் சேகரித்தார். அந்தத் தீவில் நடுக்கோடையில் இரவு முழுக்க இருட்டுவதே இல்லை. குளிர்காலத்திலோ பகல் சில மணி நேரம்தான். குறுகிய கோடைக்குள் முளைத்து, பூத்து, விதைத்து, மடிந்துவிடும் ஒரு குட்டிச் செடியை அங்கே கண்டெடுத்தார். 1767-ல் லின்னேயஸ் அதற்குக் கோனிகியா என்று மாணவரின் பெயரையே வைத்தார்.

அடுத்த ஆண்டே நம் கடற்கரை. தரங்கம்பாடி அப்போது டேனிஷ்காரர்கள் வசம். அங்கிருந்த மிஷனுக்கு மருத்துவராக 1768-ல் வந்து சேர்ந்தார். வருஷம் முழுக்க வெயில் அடிக்கிற ஊர், பக்கத்திலேயே காவிரிப் பாசன வயல்கள். செடி தேடுகிறவருக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் மிஷன் சம்பளம் ஊர் ஊராக அலையும் செலவுக்குப் பற்றவில்லை. 1774-ல் ஆற்காடு நவாபிடம் வேலைக்குச் சேர்ந்தார். அந்த நவாபின் கடன் கணக்கு சரித்திரப் பிரசித்தம். எங்கள் வங்கியில் அவருக்கு ஒரு நகைக்கடன்கூடக் கொடுத்திருக்க மாட்டோம்! 1778-ல் கோனிக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மாறி, சயாமுக்கும் மலாக்காவுக்கும் கப்பலேறினார்.

அவர் அந்தப் பக்கம் அலைந்துகொண்டிருந்த 1779-ல், இங்கிலாந்தில் இன்னொரு டாக்டர், ஹாலந்துக்காரரான யான் இங்கன்ஹவுஸ், இலைகளைத் தண்ணீரில் அமிழ்த்தி வெயிலில் வைத்துப் பார்த்தார். இலையிலிருந்து குமிழ்கள் கிளம்பின. இருட்டில் வைத்தால் நின்றுபோயின. இதற்குக் காரணம் வெயிலின் சூடு அல்ல, வெளிச்சம்தான் என்று காட்டினார். அந்தக் குமிழ்களில் இருந்தது நாம் சுவாசிக்கும் பிராணவாயு.

நான் பி.காம். படித்தவன், எனக்குப் புரிந்தபடி கணக்காகவே சொல்கிறேன். இலையின் வரவு மூன்று: வேரிலிருந்து தண்ணீர், காற்றிலிருந்து கரியமில வாயு, மேலிருந்து வெளிச்சம். இலையிலுள்ள பச்சையம் வெளிச்சத்தின் சிவப்பையும் நீலத்தையும் அதிகமாக வாங்கிக்கொள்கிறது. பச்சையைப் பெருமளவு திருப்பி அனுப்பிவிடுவதால்தான் இலை பச்சையாகத் தெரிகிறது. வாங்கிய சக்தியைக் கொண்டு தண்ணீரைப் பிரிக்கிறது. அப்போது பிராணவாயு வெளியேறுகிறது. மிச்சமிருக்கும் சக்தி, கரியமில வாயுவைச் சர்க்கரையாக்கப் பயன்படுகிறது. டெல்டாவில் விளையும் ஒவ்வொரு நெல்மணியின் மாவும் இப்படிச் சேர்ந்த சேமிப்புதான்.

நம் வளாகத்தில் வடக்குப் பார்த்த பால்கனிக்காரர்கள், தொட்டிக் கறிவேப்பிலை தேறவில்லை என்று மேலும் மேலும் உரம் போடுகிறீர்கள். உரம் வேண்டியதுதான், ஆனால் அது செடிக்குச் சோறு ஆகாது. சோற்றை இலையேதான் சமைத்துக்கொள்ள வேண்டும், அதற்கு அடுப்பு வெயில். தொட்டியை மொட்டை மாடிக்கு ஏற்றிப் பாருங்கள்.

கோனிக் 1780-ல் திரும்பினார். தாமாகச் சேர்த்ததைப் பூட்டி வைத்துக்கொள்ளும் ஆள் இல்லை அவர். பின்னாளில் இந்தியத் தாவரவியலின் தந்தை என்று பெயர் வாங்கிய வில்லியம் ராக்ஸ்பர்க் அவரிடம் கற்றுக்கொண்டவர். 1785-ல் காக்கிநாடா அருகே வயிற்றுக்கடுப்பு கண்டு கோனிக் இறந்தபோது சிகிச்சை பார்த்ததும் ராக்ஸ்பர்க்தான். பெரிய நூல் எதையும் அவர் தம் பெயரில் வெளியிடவில்லை. கையெழுத்துப் பிரதிகளை லண்டனில் இருந்த சர் ஜோசப் பேங்க்ஸுக்கு உயில் எழுதி வைத்திருந்தார். அவற்றில் இருந்த சயாம் பயணக் குறிப்புகள் அச்சேற நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.