குற்றமிழைக்காதவர் சுமந்த வெட்கம்

1970 ஆம் ஆண்டு டிசெம்பர் 7 ஆம் திகதி போலந்தின் தலைநகரான வார்சோவில் நிகழ்ந்த ஒரு சம்பவம் அரை நூற்றாண்டு கடந்தும் உலகெங்கும் பேசப்பட்டு வருகின்றது. மேற்கு ஜேர்மனியின் அரசாங்கத் தலைவராக விளங்கிய சான்ஸலர் வில்லி பிராண்ட், வார்சோ யூதர்களின் எழுச்சியை நினைவுகூரும் தூபிக்கு மலர்வளையம் வைத்தார். அதன் நாடாக்களைச் சரிசெய்துவிட்டுச் சற்றுப் பின்னால் நகர்ந்தார். இராஜதந்திர சம்பிரதாயம் அத்துடன் நிறைவடைந்திருக்க வேண்டும். ஆனால், எவரும் எதிர்பாராத வகையில் அவர் ஈரம் படிந்த கற்றளத்தில் முழந்தாளிட்டார். ஒரு வார்த்தையேனும் பேசாது சில கணங்கள் அசையாதிருந்துவிட்டு எழுந்து சென்றார்.

அந்தத் தூபி அமைந்துள்ள பகுதியில்தான் நாஸி ஆட்சியாளர் 1940 இல் மதில் எழுப்பி நான்கு இலட்சத்துக்கும் அதிகமான யூதர்களை அடைத்து வைத்தனர். பட்டினியும் நோயும் அவர்களில் பல்லாயிரக்கணக்கானோரைப் பலிகொண்டன. 1942 ஆம் ஆண்டு கோடையில் சுமார் இரண்டரை இலட்சம் பேர் திரெப்லிங்கா கொலை முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். எஞ்சியோர் 1943 ஏப்ரல் 19 ஆம் திகதி கிளர்ந்தெழுந்தபோது, ஒரு மாத காலத்துக்குள் அவர்கள் நசுக்கப்பட்டு அப்பகுதி முழுவதும் தரைமட்டமாக்கப்பட்டது.

இக்கொடுமைகள் எதிலும் பிராண்டுக்குப் பங்கில்லை. மாறாக, அவற்றைப் புரிந்த ஆட்சியினால் வேட்டையாடப்பட்டவர் அவர். அவ்வாறாயின், தாம் செய்யாத குற்றத்துக்காக அவர் ஏன் தலைகுனிய வேண்டும்? தன் நாட்டின் கடந்தகாலத் தவறுகளுக்காக ஒருவர் வெட்கப்படத்தான் வேண்டுமா? இந்தக் கேள்விக்கான விடையை அவரது வாழ்க்கையிலேயே தேட வேண்டியுள்ளது.

வடஜேர்மனியின் துறைமுக நகரான லூபெக்கில் 1913 டிசெம்பர் 18 ஆம் திகதி பிறந்த அவரது இயற்பெயர் ஹேர்பேட் பிராம். மணமாகாத தாய்க்குப் பிறந்த அவரை வளர்த்தெடுத்தவர், தொழிலாளியும் சமூக ஜனநாயகக் கட்சியின் பற்றாளருமான பாட்டனார். தொழில் தகராறினால் பாட்டனார் வேலையின்றி இருந்த காலத்தில், பேக்கரி ஒன்றின் முன்னால் பசியோடு நின்ற சிறுவனுக்குத் தொழிற்சாலையின் உயரதிகாரி ஒருவர் பாண் வாங்கிக் கொடுத்தாராம். பாட்டனார் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரும்படி பணித்தார். உரிமைக்காகப் போராடுபவர்கள் எதிர்த்தரப்பின் இனாமைப் பெறக்கூடாது என்பது அவரது பாடம். மானம் என்றால் என்னவென்பதைப் பிராண்ட் சிறுவயதிலேயே கற்றுக்கொண்டார்.

1933 இல் ஹிட்லர் ஆட்சியைக் கைப்பற்றியபோது பத்தொன்பது வயது இளைஞராயிருந்த அவர், வில்லி பிராண்ட் என்ற புனைபெயரைச் சூடிக்கொண்டு மீன்பிடிப் படகொன்றில் டென்மார்க்குக்குத் தப்பிச்சென்று, அங்கிருந்து நோர்வேயைச் சென்றடைந்தார். 1936 இல் நோர்வே மாணவர் ஒருவரின் பெயரில் பேர்லினுக்குள் நுழைந்து தலைமறைவு இயக்கப் பணியில் ஈடுபட்டார். 1938 இல் நாஸி அரசு அவரது பிரஜாவுரிமையைப் பறித்தது. 1940 இல் ஜேர்மன் படைகள் நோர்வேயை ஆக்கிரமித்தபோது நோர்வே இராணுவச் சீருடையில் இருந்த அவர் பிடிபட்டார். அடையாளம் காணப்படாமையினால் விடுதலையாகி, சுவீடனுக்குத் தப்பினார்.

போர் முடிந்ததும் ஸ்கண்டிநேவியப் பத்திரிகைகளின் செய்தியாளராக நூரம்பேர்க் விசாரணைகளைக் காண அவர் ஜேர்மனிக்கு வந்தார். 1946 இல் நோர்வே மொழியில் குற்றவாளிகளும் ஏனைய ஜேர்மனியரும் என்ற நூலை வெளியிட்டார். ஜேர்மன் மக்கள் அனைவரையும் கூட்டாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதை அவர் ஏற்கவில்லை. குற்றம் புரிந்தவர்கள் தனிமனிதர்கள் என்றும், ஆயினும் அதன் விளைவுகளுக்கான பொறுப்பிலிருந்து எந்த ஜேர்மனியரும் விலகிக்கொள்ள இயலாது என்றும் அவர் கருதினார். பின்னாளில் வார்சோவில் அவர் செய்ததன் பொருள் இந்த வேறுபாட்டிலேயே அடங்கியுள்ளது.

1948 இல் மீண்டும் ஜேர்மன் பிரஜையான பிராண்ட், 1957 முதல் 1966 வரை மேற்கு பேர்லினின் மேயராகப் பணியாற்றினார். 1961 இல் பேர்லின் சுவர் எழுப்பப்பட்ட நெருக்கடியின்போது அவரது பெயர் உலகெங்கும் அறியப்பட்டது. எனினும் தாய்நாட்டில் அவரைத் துரோகியாகச் சித்திரிக்கும் முயற்சிகள் ஓயவில்லை. அவரது பிறப்பையும் பெயர் மாற்றத்தையும் தேர்தல் மேடைகளில் குத்திக்காட்டினர். வெளிநாட்டில் இருந்த பன்னிரண்டு ஆண்டுகளும் என்ன செய்துகொண்டிருந்தார் என்று ஏளனமாகக் கேட்டனர். அவரது நூலின் தலைப்பைத் திரித்து, ஜேர்மனியர் அனைவரையும் குற்றவாளிகள் என்று கூறியவர் எனப் பரப்பினர். 1966 இல் அவர் வெளிவிவகார அமைச்சராகப் பதவியேற்ற அரசாங்கத்தின் சான்ஸலரான கீசிங்கர் ஒரு காலத்தில் நாஸிக் கட்சியின் உறுப்பினராக இருந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. நாஸிகளோடு சென்றவருக்கு இலகுவில் கிட்டிய மன்னிப்பு, அவர்களை எதிர்த்து வெளியேறியவருக்குக் கிட்டவில்லை.

1969 இல் சான்ஸலரான பிராண்ட், கிழக்கு ஐரோப்பிய நாடுகளுடன் இணக்கம் காண முற்பட்டார். வார்சோவுக்கு அவர் சென்றது போலந்தின் மேற்கு எல்லையை ஏற்கும் உடன்படிக்கையில் கைச்சாத்திடுவதற்காகவே. போருக்கு முந்திய ஜேர்மன் நிலப்பரப்பில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு போலந்திடமும் சோவியத் ஒன்றியத்திடமும் சென்றிருந்தது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து விரட்டப்பட்ட ஜேர்மனியர் ஒரு கோடிக்கும் அதிகமானோர். அவர்களது துயரும் உண்மையானதே. அந்தத் துயரைக் காட்டி முந்திய கொடுமையை மறக்கச் சொல்வதையே பிராண்ட் மறுத்தார்.

அவர் முழந்தாளிட்டமை இரு தரப்பினரையும் சங்கடப்படுத்தியது. போலந்தின் கம்யூனிஸ்ட் அரசு 1968 இல் தன் நாட்டில் எஞ்சியிருந்த யூதர்களுக்கு எதிராகப் பிரசாரம் நடத்திப் பல்லாயிரம் பேரை வெளியேறச் செய்திருந்தது. யூத நினைவுத்தூபி முன் ஜேர்மன் தலைவர் பணிந்து நிற்கும் படத்தை அந்நாட்டு மக்கள் பரவலாகக் காண அது இடமளிக்கவில்லை. மேற்கு ஜேர்மனியில் டேர் ஸ்பீகல் சஞ்சிகை நடத்திய கருத்துக்கணிப்பில் 48 வீதத்தினர் அச்செயல் மிகையானது என்றனர். பொருத்தமானது என்றவர்கள் 41 வீதத்தினரே.

ஆயினும் பிராண்ட் பின்வாங்கவில்லை. 1971 இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. 1972 ஏப்ரலில் பாராளுமன்றத்தில் அவரைப் பதவி நீக்கும் முயற்சி இரண்டு வாக்குகளால் தோல்வியுற்றது. அவ்வாண்டு நவம்பரில் நடைபெற்ற தேர்தலில் அவரது கட்சி 45.8 வீத வாக்குகளைப் பெற்று வெற்றியீட்டியது. 1974 இல் அவரது உதவியாளர் ஒருவர் கிழக்கு ஜேர்மன் உளவாளி எனத் தெரியவந்தபோது பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அவரது ஆட்சியும் குறைகளற்றதல்ல. தீவிரவாதிகள் எனச் சந்தேகிக்கப்படுவோரை அரச சேவையில் சேர்ப்பதற்குத் தடையாக 1972 இல் கொண்டுவரப்பட்ட தீர்மானம் தவறானது என்பதைப் பின்னர் அவரே ஏற்றுக்கொண்டார்.

அவரது வெட்கம் ஒரு மக்கள் கூட்டத்தாரின் துயரோடு நின்றுவிடவில்லை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். 1973 இல் பதவியிலிருக்கும்போதே இஸ்ரேலுக்குச் சென்ற முதலாவது ஜேர்மன் சான்ஸலர் அவரே. அதே மனிதர் 1979 இல், மேற்குலகம் பெரும்பாலும் ஒதுக்கி வைத்திருந்த பலஸ்தீன விடுதலை இயக்கத் தலைவர் யாசிர் அரபாத்தை வியன்னாவில் சந்தித்தார். ஏழை நாடுகளின் நிலை குறித்து அவரது தலைமையிலான ஆணைக்குழு 1980 இல் வெளியிட்ட அறிக்கை, உலகச் செல்வத்தின் நீதியற்ற பங்கீட்டைச் சுட்டிக்காட்டியது. உண்மையான வெட்கம் ஒருவரது கண்ணை மறைப்பதில்லை. மற்றைய துயரங்களையும் காணச் செய்கின்றது.

1989 இல் பேர்லின் சுவர் வீழ்ந்ததையும் மறு ஆண்டில் ஜேர்மனி ஒன்றிணைந்ததையும் கண்ட பின், 1992 ஒக்டோபர் 8 ஆம் திகதி அவர் காலமானார். வார்சோவில் அவர் ஏற்ற எல்லையை ஒன்றிணைந்த ஜேர்மனி 1990 இல் இறுதியானதென உறுதிசெய்தது. 2000 ஆம் ஆண்டில் அந்தத் தூபிக்கு அருகிலுள்ள சதுக்கத்துக்கு வில்லி பிராண்டின் பெயர் சூட்டப்பட்டது.

குற்றம் பரம்பரையாக வருவதில்லை. தந்தை செய்த கொலைக்கு மகனைத் தண்டிப்பது நீதியாகாது. ஆனால், முன்னோரின் வீரத்தையும் இலக்கியத்தையும் வெற்றிகளையும் தமதென்று உரிமை கொண்டாடுவோர், அதே முன்னோர் இழைத்த கொடுமைகள் பேசப்படும்போது மட்டும் தமக்குத் தொடர்பில்லை என்று ஒதுங்குவது நேர்மையாகாது. பெருமையில் பங்கு கேட்பவர் சிறுமையிலும் தம் பங்கை ஏற்க வேண்டும். ஜேர்மனியை விட்டு ஓட வேண்டியிருந்தவர், பிரஜாவுரிமை பறிக்கப்பட்டவர், துரோகியென ஏசப்பட்டவர், அந்த நாட்டைத் தமதென்று ஏற்றதனாலேயே அதன் வெட்கத்தையும் ஏற்றார். மானமுள்ளவருக்கே வெட்கம் வரும். அன்று ஈரக் கற்றளத்தில் பணிந்த முழந்தாள்களால் ஜேர்மனி சிறுமைப்படவில்லை. உலக நாடுகள் மத்தியில் அது மீண்டும் நிமிர்ந்து நிற்பதற்கு அந்தப் பணிவே வழிவகுத்தது என்பதை வரலாறு உணர்த்தியுள்ளது.