அழகப்பச் செட்டியார்: காரைக்குடிக்கு மின்வேதியியல் ஆய்வகம் வந்தது எப்படி?

அம்பத்தூர், ஆவடி பக்கம் இப்போ தெருவுக்கு நாலு வீட்டு மாடியில சோலார் பேனல் தெரியுது. பூந்தமல்லி ரோட்டில் சத்தமே இல்லாம எலக்ட்ரிக் ஸ்கூட்டர்கள் நம்மைத் தாண்டிப் போகுது. இதுக்குப் பின்னாடி இருக்கிற பேட்டரி, மின்முனை, ஹைட்ரஜன் ஆராய்ச்சியை நம்ம நாட்டில் பல பத்தாண்டுகளாகச் செய்துவரும் மத்திய ஆய்வகம் டெல்லியிலோ மும்பையிலோ இல்லை. காரைக்குடியில் இருக்கு. அது ஏன் அங்கே போச்சு என்று கேட்டால், பதில் ஒரே ஒரு மனிதர்: வள்ளல் அழகப்பச் செட்டியார்.

1909 ஏப்ரல் 6-ம் தேதி காரைக்குடி பக்கத்தில் இருக்கும் கோட்டையூரில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில எம்.ஏ. முடித்துவிட்டு லண்டன் போய் பாரிஸ்டர் ஆனார். அங்கேயே விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். ஊர் திரும்பியதும் நீதிமன்றம் பக்கம் போகாமல் தொழிலில் இறங்கிவிட்டார். நூற்பாலை, காப்பீடு, பங்குச் சந்தை, கடைசியில் ஜூபிடர் ஏர்வேஸ் என்ற விமான நிறுவனம் வரை போனது. ஆங்கிலேய அரசு 'சர்' பட்டம் கொடுத்தது. சுதந்திரம் வந்ததும் அதை வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

ஆனா இன்னைக்கும் அவர் பேர் நிற்கிறது சம்பாதித்ததால் இல்லை, கொடுத்ததால்தான். கிண்டியில் நாம 'ஏ.சி. டெக்' என்று சொல்லும் கல்லூரி இருக்கே, அதில் ஏ.சி. என்பது இவர்தான். 1944-ல் தொடங்கிய அந்தக் கல்லூரிக்கு இவர் தந்தது 5 லட்சம் ரூபாய். அப்போது சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர் லட்சுமணசாமி முதலியார். கிராமப் பக்கம் கல்லூரிகள் வேண்டும் என்பது அவரின் எண்ணம். அதை ஏற்றுக்கொண்டு 1947 ஆகஸ்டிலேயே காரைக்குடியில் கலைக் கல்லூரியைத் திறந்தார் அழகப்பர். கட்டடம் எழும்பும் வரைகூட காத்திருக்கவில்லை.

300 ஏக்கர், 15 லட்சம்

அந்தச் சமயத்தில்தான் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் தலைமையில் இருந்த சி.எஸ்.ஐ.ஆர்., நாடு முழுக்க தேசிய ஆய்வகங்களுக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தது. அதில் ஒன்று மின்வேதியியலுக்கு. மின்சாரமும் வேதிவினையும் சந்திக்கும் இடம் அது: பேட்டரி, முலாம் பூசுவது, இரும்பு துருப்பிடிப்பதைத் தடுப்பது, உப்புநீரில் மின்சாரம் செலுத்தி காஸ்டிக் சோடா எடுப்பது எல்லாமே இதில் அடக்கம்.

வழக்கமா இப்படி ஒரு நிறுவனம் பெரிய நகரத்துக்குத்தான் போகும். அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தருவதாகச் சொன்னார். அன்றைய 15 லட்சம் என்பதை ஒரு நிமிஷம் நிறுத்தி யோசிச்சுப் பாருங்க. 1948 ஜூலை 25-ம் தேதி பிரதமர் நேரு காரைக்குடிக்கே வந்து அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கல் நாளில், குடியரசுத் துணைத் தலைவர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். 'சிக்ரி' என்று ஊர்க்காரர்கள் சொல்வது இந்த ஆய்வகத்தைத்தான்.

வெளியே தெரியும் கதை இது. உள்ளே, அவர் தொழுநோயோடு போராடிக்கொண்டிருந்தார். அந்த நோய் வந்தவரை ஊரே ஒதுக்கிவைத்த காலம். அந்த நிலையிலும் அவர் முடங்கி உட்காரவில்லை. பெண்கள் கல்லூரிக்கு இடம் தேவைப்பட்டபோது காரைக்குடியில் தன் வீட்டையே கொடுத்தார். 1956-ல் பத்மபூஷண் வந்தது. 1957 ஏப்ரல் 5-ம் தேதி, 48-வது பிறந்தநாளுக்கு ஒரே ஒரு நாள் இருக்கும்போது காலமானார்.

அவர் பார்க்காத வேதியியல்

அவர் மறைந்து 15 வருஷம் கழித்து, 1972-ல், ஜப்பானைச் சேர்ந்த புஜிஷிமா, ஹோண்டா இருவரும் ஒரு முடிவை வெளியிட்டார்கள். தண்ணீருக்குள் டைட்டானியம் டை ஆக்சைடு மின்முனையை வைத்து ஒளி பாய்ச்சினால், தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிகிறது. நம்ம வீட்டுச் சுவரில் அடிக்கும் வெள்ளை பெயின்ட்டில் இருக்கும் அதே பொருள்தான்! ஒளி பட்டதும் உள்ளே ஒரு எலக்ட்ரான் துள்ளி எழும். அது விட்டுப்போன இடம் காலியாகும். இந்த இரண்டும் திரும்பச் சேர்வதற்குள் வேலையை வாங்கிவிட வேண்டும். ஒளிவினையூக்கம் என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

சிக்கல் என்னன்னா, டைட்டானியம் டை ஆக்சைடுக்குப் புற ஊதா ஒளிதான் பிடிக்கும். நம்மை வந்தடையும் வெயிலில் அது சுமார் 5 சதவீதம்தான். மீதி வெயில் அதற்குப் பயன்படாது. அதனால்தான் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலேயே வேலை செய்யும் பொருளை உலகம் முழுக்கத் தேடுகிறார்கள். சாயக் கழிவுநீரைச் சுத்தம் செய்யவும் இதே வழியை முயற்சி பண்றாங்க. வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத காரைக்குடியிலும் இந்தத் துறையில் ஆய்வு நடக்கிறது. சிக்ரியில் மட்டுமில்லை, 1985-ல் அவர் பெயரிலேயே உருவான அழகப்பா பல்கலைக்கழகத்திலும்தான்.

2018-ல் லித்தியம் அயன் பேட்டரி தயாரிக்கும் உள்நாட்டுத் தொழில்நுட்பத்தைத் தனியார் நிறுவனம் ஒன்றுக்குக் கொடுக்க ஒப்பந்தம் போட்டதும் சிக்ரிதான். அடுத்த முறை காரைக்குடிப் பக்கம் போனால், செட்டிநாட்டு அரண்மனை வீடுகளோடு சேர்த்து அந்த 300 ஏக்கரையும் ஒரு எட்டு பார்த்துட்டு வாங்க.