குப்பியும் இடுக்கியும்: ஹாப்கின் என்ற விலங்கியலார்

அந்நாளில் பம்பாய் என வழங்கிய மும்பை நகரின் பரேல் பகுதியில் பழைய கவர்னர் மாளிகை ஒன்று இருக்கிறது. அதன் வாயிலில் காணும் பெயர் ஹாப்கின். அந்த வழியாகப் போகிறவர்களில் பலர் அவரை ஆங்கிலேய டாக்டர் என்றே எண்ணுவார்கள். அவர் ஆங்கிலேயருமல்லர், டாக்டருமல்லர். நம்மில் சிலரைப் போல விலங்கியல் படித்தவர்.

வால்டெமார் ஹாப்கின் 1860இல் ருஷ்யப் பேரரசில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். ஒடெஸ்ஸாப் பல்கலைக் கழகத்தில் அவருக்கு ஆசானாக வாய்த்தவர் மெச்னிகாவ். யூதர்களைக் கும்பல்கள் தாக்கிய நாட்களில் தற்காப்புப் படையில் நின்று அடிபட்டார், சிறைக்கும் போனார். ஆசான் முயன்று அவரை மீட்டார். மதம் மாறினால் பேராசிரியர் பதவி கிட்டும் என்ற நிலை வந்தது. ஹாப்கின் மாறவில்லை. ஒடெஸ்ஸாவின் விலங்கியல் காட்சிசாலையில் வேலை பார்த்துக்கொண்டே ஒற்றைச் செல் உயிர்களை ஆராய்ந்து வந்தார். 1889இல் மெச்னிகாவைத் தேடிப் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்துக்குச் சென்றார். அங்கே காலியாக இருந்தது நூலக உதவியாளர் வேலை ஒன்றுதான். பகலில் புத்தகம் அடுக்குவார், மிஞ்சிய நேரத்தில் கிருமி வளர்ப்பார். பட்டம் பெற்றும் பொருந்தாத வேலையில் அமர்ந்திருக்கும் நண்பர்கள் இதைச் சற்றுக் கவனிக்கலாம்.

வாந்திபேதிக் கிருமியைக் கொண்டு அவர் ஒரு தடுப்பு மருந்து செய்தார். 1892 ஜூலை 18ஆம் நாள் அதைத் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். அதைப் பெருமளவில் சோதிக்க, அந்நோய் நிலையாகக் குடியிருந்த நாடு வேண்டியிருந்தது. 1893இல் கல்கத்தா வந்து சேர்ந்தார். சேரிகளில் அவர்மேல் கல் விழுந்ததும் உண்டு. மக்களின் கண்ணெதிரே தமக்கே ஊசி குத்திக் காட்டினார். வங்காள மருத்துவர் சிலர் உடன் நின்றார்கள். வடநாடெங்கும் அலைந்து பல்லாயிரம் பேருக்கு ஊசி போட்டபின் மலேரியா அவரையே படுக்கையில் தள்ளியது. 1895இல் இங்கிலாந்து போய் மறு ஆண்டே திரும்பி வந்தார்.

அந்த 1896ஆம் ஆண்டில்தான் பம்பாயில் பிளேக் புகுந்தது. அரசினர் ஹாப்கினை அழைத்துக் கிராண்டு மருத்துவக் கல்லூரியில் ஓர் இடைகழியை ஒதுக்கிக் கொடுத்தனர். துணைக்கு ஒரு குமாஸ்தா, மூன்று பியூன்கள். ஆராய்ச்சிச் சாலை என்பது அவ்வளவே!

அங்கே அவர் செய்த வேலையைச் சற்று விரித்துச் சொல்ல ஆசைப்படுகிறேன். கிருமி வளர்க்க இறைச்சிச் சாறு தேவை. மேல்நாட்டில் மாட்டிறைச்சியைப் பயன்படுத்துவார்கள். இங்கே மாட்டையோ பன்றியையோ தொட்டால் இரு பெரும் சமயத்தாரில் ஒரு சாரார் மருந்தை ஏற்கமாட்டார்கள். ஆகவே ஆட்டிறைச்சியை அமிலத்தில் கரைத்துச் சாறு எடுத்தார். அதன்மேல் சில துளி நெய் விட்டார். மிதக்கும் நெய்த்துளிகளைப் பற்றிக்கொண்டு பிளேக் கிருமிகள் விழுதுவிழுதாகக் கீழ்நோக்கித் தொங்கி வளர்ந்தன. குப்பியைக் குலுக்கினால் விழுது உதிரும். மேலே புதிது தொங்கும். வாரக்கணக்கில் இப்படி வளர்த்துச் சூடேற்றிக் கொன்றால் மருந்து தயார். உயிரியலும் வேதியியலும் நம் அடுக்களையும் ஒரே குப்பியில் சேர்ந்திருந்தன. ஊராரின் மனத்தையும் அறிந்தவருக்கே இது தோன்றும் என்பது என் எண்ணம்.

மூன்று மாதம் இரவு பகல் பாராத உழைப்பு. 1897 ஜனவரி 10 அன்று முதல் ஊசியைத் தமக்கே குத்திக்கொண்டார். காய்ச்சலும் வலியும் கடுமையாக வந்தன. அம்மாதக் கடைசியில் பைகுல்லாச் சிறையில் நோய் தோன்றவே, அங்கே இசைந்தவர்களுக்குப் போட்டார். பிளேக் சாவுகள் பெரும்பாலும் ஊசி போட்டுக்கொள்ளாதவரிடையேதான் நேர்ந்தன. வீடு புகுந்து சோதனையிட்ட அதிகாரிகள்மேல் மக்கள் கொதித்திருந்த காலம் அது. புனாவில் பிளேக் அதிகாரி ராண்டு சுடப்பட்டதும் அவ்வாண்டிலேயே. அத்தகைய வேளையில் ஆகாகான் தாமே ஊசி போட்டுக்கொண்டு தம் சமூகத்தாருக்கு வழிகாட்டியது பெரிய உதவி. 1899இல் ஆராய்ச்சிச் சாலை பரேல் மாளிகைக்குக் குடிபெயர்ந்தது.

இனி வருவது துயரக் கதை. 1902 அக்டோபர் 30ஆம் நாள், பஞ்சாபில் மல்கோவால் என்னும் சிற்றூரில் 107 பேருக்கு ஊசி போடப்பட்டது. அவர்களில் 19 பேரைத் தனுர்வாதம் பற்றியது. பத்தொன்பது பேரும் மாண்டனர். அத்தனை பேருக்கும் மருந்து வந்தது ஒரே குப்பியிலிருந்து.

விசாரணைக் குழு பம்பாய்ச் சாலையைக் குற்றம் சாட்டியது. கார்பாலிக் அமிலம் கலக்கும் பழைய வழக்கத்தை விட்டு, சூட்டை மட்டும் ஹாப்கின் நம்பியதே காரணம் என்றார்கள். அவர் விலக்கி வைக்கப்பட்டார். இங்கிலாந்தில் ஆண்டுக்கணக்கில் காகிதங்களோடு போராடினார். உண்மை மெல்ல வெளிவந்தது. மல்கோவாலில் குப்பியைத் திறந்தபோது உதவியாளர் கையிலிருந்த இடுக்கி மண்ணில் விழுந்திருக்கிறது. அதை நன்கு கிருமி நீக்காமல், அதைக் கொண்டே தக்கையைப் பிடுங்கியிருக்கிறார். தனுர்வாதக் கிருமியின் வித்துக்கள் மண்ணில் வாழ்பவை. பம்பாயிலேயே அவை புகுந்திருந்தால், பல வாரம் மூடிக் கிடந்த குப்பியில் பெருகித் துர்நாற்றம் வீசியிருக்க வேண்டும். திறந்த டாக்டர் முகர்ந்தபோது நாற்றமில்லை. மலேரியா ஆராய்ச்சியாளர் ரொனால்டு ராஸ் உட்படப் பத்து அறிஞர் 1907 ஜூலையில் லண்டன் டைம்ஸ் இதழில் நீதி கேட்டு எழுதினர். அவ்வாண்டு நவம்பரில் அவர்மீதிருந்த பழி நீங்கியது.

அந்த உதவியாளர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. விழுந்த இடுக்கியை நெருப்பில் காட்டாமல் எடுத்தால் என்ன ஆகும் என்று அவருக்கு யார், எத்தனை முறை, எப்படிச் சொல்லிக் கொடுத்தார்கள்? குழு மருந்துக் குப்பியின் வரலாற்றைத் துருவியது. இடுக்கி பிடித்த கையின் பயிற்சியை அந்த அளவுக்குத் துருவவில்லை. செத்த பத்தொன்பது பேரின் குடும்பங்களுக்கு 1907இன் தீர்ப்பு எந்த வகையிலும் பயன்பட்டிராது.

ஹாப்கின் மீண்டும் இந்தியா வந்தபோது பம்பாய்ப் பதவியில் வேறொருவர் இருந்தார். கல்கத்தாவில் ஓர் ஆராய்ச்சிச் சாலையைக் கொடுத்தார்கள், ஆனால் மக்களிடம் புதிய மருந்து சோதிக்க இசையவில்லை. அந்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஓய்வு பெற்று ஐரோப்பா திரும்பியவர் இங்கே மறுபடி வரவில்லை. 1925இல் பரேல் சாலைக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 1930 அக்டோபர் 26 அன்று சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் காலமானார். பரேல் நிலையத்தின் முழுப் பெயரில் இப்போது ஆராய்ச்சியோடும் சோதனையோடும் பயிற்சி என்ற சொல்லும் சேர்ந்திருக்கிறது.