நாடகத் தமிழ் வளர்த்த சங்கரதாசர்

கம்பம் பள்ளத்தாக்கில், முல்லைப் பெரியாற்று நீர் பாயும் வயல்களின் நடுவே அமைந்த ஊர் மார்க்கையன்கோட்டை. கோயில் விழா வந்தால் இத்தகைய ஊர்களில் இரவெல்லாம் நாடகம் நிகழ்வது நெடுநாளைய வழக்கம். முருகன் வேடனாகி வந்து, தினைப்புனம் காக்கும் வள்ளியோடு சொல்லாடுவான். மக்கள் விடியுமளவும் மெய்ம்மறந்திருப்பர். ஆயினும், வள்ளி திருமணம் என்னும் அந்நாடகத்தை யாத்தவர் யாவர் என்பதைப் பலர் அறியார். அவரே சங்கரதாச சுவாமிகள்.

அவர் 1867ஆம் ஆண்டு, தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் தோன்றினார். தந்தையார் தாமோதரனார் இராமாயணத்தில் வல்லவர். அவரிடம் தொடக்கத் தமிழ் கற்ற சங்கரதாசர், பின்னர்ப் பழனி தண்டபாணி சுவாமிகளை அடைந்து இலக்கண இலக்கியங்களைப் பயின்றார். வெண்பாவும் வண்ணமும் இளமையிலேயே அவருக்குக் கைவந்தன. சிறிது காலம் உப்பளத்தில் கணக்கராய் இருந்தார். உள்ளம் அதில் நிலைக்கவில்லை. 24ஆம் வயதில் நாடகக் குழுவிற் சேர்ந்தார்.

அஃது எளிய துணிவன்று. கூத்தாடி என்பது அந்நாளில் இழிசொல்லாய் வழங்கிற்று. நடிகர் பலர் வாயில் வந்தவாறு பேசினர். கதையை மறந்து, ஒருவரையொருவர் சொல்லால் வெல்லவும் முற்பட்டனர். ஆதலின், கற்றோர் நாடகத்தை அணுகவும் நாணினர். ஏழாம் எட்வர்டு மன்னர் ஆண்ட 1901 முதல் 1910 வரையுள்ள காலத்தில், சலனப்படம் தமிழகத்துக் கொட்டகைகளில் தலைகாட்டத் தொடங்கிற்று. எனினும், சிற்றூர் மக்களுக்குப் பொழுதுபோக்கும் கல்வியும் நாடகமே. எழுத்தறியாதாரும் சத்தியவான் சாவித்திரி கதையை மேடையிலேயே கற்றனர். அம்மேடை தாழின், அவர்தம் கல்வியும் தாழும். இதனைச் சங்கரதாசர் நன்குணர்ந்தார்.

எமன், இராவணன், சனீசுவரன் முதலிய வேடங்களில் அவர் நடிப்பு அச்சம் விளைப்பது. ஒருநாள், சனீசுவரன் வேடத்தைக் கலைக்க வைகறையில் நீர்நிலைக்குச் சென்றார். அங்கு அவரைக் கண்ட பெண்ணொருத்தி அஞ்சி உயிர் நீத்தாள் என்பர். அத்துயரத்தால் அவர் வேடம் புனைதலையே விடுத்தார் என்றும் கூறுவர். சின்னாள் துறவுடை பூண்டு தலங்கள்தோறும் சென்றார். புதுக்கோட்டையில் கஞ்சிரா வல்லுநர் மான்பூண்டியா பிள்ளையிடம் தாள நுட்பம் கற்றார். பின்னர் நாடக ஆசிரியராய் மீண்டார்.

பாட்டும் உரையாடலும் எழுதிக் கொடுத்து, அவற்றைப் பிறழாது பேசும்படி நடிகர்களைப் பழக்கினார். 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையை நிறுவினார். முதிர்ந்த நடிகரிடம் ஒழுங்கு நிலைபெறாமை கண்டு, சிறுவர்களைப் பயிற்றலே தக்கதெனத் துணிந்தார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். தி.க. சண்முகமும் உடன்பிறந்தாரும் அங்கே பயின்றவர்களே. அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஓர் இரவிலேயே அவர் எழுதி முடித்தார் என்று சண்முகம் பிற்காலத்தில் வியந்து குறித்துள்ளார். கோவலன், பவளக்கொடி முதலாக ஏறத்தாழ 40 நாடகங்கள் அவரால் இயற்றப்பட்டன.

இறுதியில் வாதநோய் அவர் கையையும் நாவையும் முடக்கிற்று. எழுதிய கை ஓய்ந்தது. பாடிய நா அடங்கிற்று. எனினும் அவர் மாணவர்களோடே வாழ்ந்து, 1922ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் புதுச்சேரியில் மறைந்தார். மணம் செய்துகொள்ளாத அவருக்கு மாணவர்களே மக்கள், நாடகங்களே செல்வம். இழிந்ததென உலகம் ஒதுக்கிய தொழிலையும், அதனைச் செய்வோன் தன் கல்வியாலும் ஒழுக்கத்தாலும் உயர்த்தலாம் என்பதற்கு அவர் வாழ்வே சான்றாகும்.