தஞ்சைப் பெரிய கோயிலில் மோதிய அரை டன் கருவி: லாம்டன் என்ன செய்தார்?

கைதவறி விழுந்த போனை எடுத்ததும் கண்ணாடி உடைஞ்சிருக்கான்னுதான் முதலில் பார்ப்போம். குறி பார்க்கும் கருவிக்கு அது போதாது. கண்ணாடி முழுசாக இருக்கும். பார்வைக்கோடு மட்டும் மயிரிழை நகர்ந்திருக்கும். துப்பாக்கித் தொலைநோக்கியை வேண்டுமென்றே கீழே போட்டுச் சோதிப்பது இதற்காகத்தான். 1808-ல் தஞ்சாவூரில் இதைவிடப் பெரிய கருவி ஒன்று அடிபட்டது. அதற்குப் பொறுப்பாளர் வில்லியம் லாம்டன்.

யார்க்‌ஷயரில் பிறந்த ராணுவ அதிகாரி அவர். இளம் வயதில் வட அமெரிக்காவில் சூரிய கிரகணத்தை வெறும் கண்ணால் பார்த்து ஒரு கண்ணை இழந்தவர். ஒற்றைக் கண்ணோடுதான் இந்தியாவை அளக்கக் கிளம்பினார்!

1802 ஏப்ரல் 10-ல் பரங்கிமலை அருகே வேலை தொடங்கியது. 100 அடி எஃகுச் சங்கிலியை 400 முறை வைத்து, 57 நாளில் சுமார் 12 கி.மீ. நீள அடிக்கோட்டை அளந்தார்கள். அப்புறம் பெரும்பாலும் கோணக் கணக்குதான். ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்ற பக்கங்கள் கிடைத்துவிடும். அதில் ஒரு பக்கம் அடுத்த முக்கோணத்துக்கு அடி. ஆக, ஒரு கோணம் பிசகினால் பின்னால் வரும் எல்லாமே பிசகும்.

கோணம் அளந்தது லண்டனில் வில்லியம் கேரி செய்த தியோடலைட். எடை அரை டன், வட்டத்தின் விட்டம் 3 அடி. இந்தியாவுக்கு வரும் வழியிலேயே கப்பலோடு பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கி, மொரீஷியஸ் போய், அவர்கள் பெருந்தன்மையாக அனுப்பிவைத்த பிறகு சென்னை வந்தது.

காவிரிப் படுகையில் குன்று கிடையாது. எங்கும் தென்னையும் பனையும். உயரத்துக்குக் கோயில் கோபுரங்கள்தான் கதி. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் கருவியை ஏற்றும்போது, சுவரில் இடிக்காமல் இழுத்துப் பிடித்த கயிறு அறுந்தது. கருவி போய்ச் சுவரில் மோதியது. வட்டம் நெளிந்து, ஆரக்கால்கள் வளைந்தன.

லண்டனிலிருந்து இன்னொன்று வர எத்தனை மாதமோ. லாம்டன் ராணுவத் தளவாடக் கிடங்கு ஒன்றில் கூடாரம் போட்டு, தலைமைக் கைவினைஞர்களைத் தவிர யாரையும் உள்ளே விடவில்லை. பெரிய பலகையில் சரியான அளவு வட்டத்தை வெட்டி, ஆப்பு, திருகு, கப்பி கொண்டு நெளிந்த வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அதன் அளவுக்கு இழுத்தார். ஆரக்கால்களைச் சின்ன மரச்சுத்தியால் தட்டி நிமிர்த்தினார். ஆறு வாரம் ஆனது.

சரியாச்சுன்னு எப்படி நம்புவது? கண்ணால் முடியாது. கணக்கில்தான் முடியும். முக்கோணத்தின் மூன்று கோணங்களைக் கூட்டினால் 180 டிகிரியும், பூமியின் வளைவால் வரும் துளியும் இருக்க வேண்டும். கூடவே, தொலைவில் இன்னொரு அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து ஒப்பிடலாம். விபத்துக்கு முன் 1804-ல் பெங்களூரில் அப்படி ஒப்பிட்டபோது வித்தியாசம் சில அங்குலம்தான். அடிபட்ட கருவியும் இனி அந்தத் தராசில்தான் நிற்க வேண்டும்.

அந்தக் கருவியோடுதான் 1809-ல் குமரிமுனைப் பக்கம் போய்ச் சேர்ந்தார். 1823 ஜனவரியில், இன்றைய மகாராஷ்டிரத்தின் ஹிங்கன்காட்டில் பணியிலேயே இறந்தார். அடுத்து வந்த ஜார்ஜ் எவரெஸ்டின் பெயர் சிகரத்துக்குப் போனது. தஞ்சையில் அடிபட்ட தியோடலைட்டை 1830-களில் பிரித்துப் புதுப்பிக்க வைத்தவரும் அவர்தான்.