திருஏடு எழுதிய சகாதேவன் சீடர்

அய்யாவின் ஐந்து சீடர்களில் சகாதேவன் சீடர் என்று நாம் வணங்குகிறவர் அரிகோபாலன் சீடர். ஊர் தென்தாமரைக்குளம். சாமிதோப்புக்கு நடந்தே வந்து திரும்பக் கூடிய தூரம்தான்.

அவர் வாழ்ந்த காலத்தை நினைத்துப் பார்த்தால்தான் அவர் செய்த வேலையின் அருமை விளங்கும். திருவிதாங்கூர் ராஜாவின் ஆட்சி. தலைக்கு வரி, பனைக்கு வரி, ஊழியம். சான்றோர் மக்கள் கோயிலுக்குள் போக முடியாது. வாசலிலேயே நிற்க விடாதவர்களுக்கு உள்ளே ஓதுகிற வேதம் எப்படிக் காதில் விழும்? ஊரில் மாடனுக்கும் இசக்கிக்கும் கிடா வெட்டி, கோழி அறுத்து, பயத்தோடு கும்பிட்டார்கள். அந்தக் கும்பிடில் பயம் இருந்தது, ஆறுதல் இல்லை. மயிலாடிப் பக்கம் மிஷனரிமார் தங்கள் வேதத்தைக் கொண்டுவந்து வாசித்துக் காட்டினார்கள். நம்முடையது என்று மடியில் வைத்துப் படிக்க நமக்கு ஓர் ஏடு இல்லை.

கொல்லம் 1008 மாசியில் அய்யா திருச்செந்தூர்க் கடலிலிருந்து வந்தார். சாமிதோப்பில் ஆறு ஆண்டு தவம் இருந்தார். பலி வேண்டாம், காணிக்கை வேண்டாம், ஒருவருக்கும் அஞ்ச வேண்டாம் என்று போதித்தார். கூட்டம் சேர்வதைக் கண்ட ராஜா அவரைப் பிடித்துச் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தான். அய்யாவை நம்புவது அந்த நாளில் லேசான காரியம் இல்லை. நம்பினவனுக்கும் அடியும் அபராதமும் வரலாம். அப்படிப்பட்ட நாளில்தான் அரிகோபாலன் சீடர் அய்யாவை அண்டினார்.

1016 கார்த்திகை 27, வெள்ளிக்கிழமை. உறங்கிக்கொண்டிருந்தவரை அய்யா எழுப்பி, காண்டம் எழுதும்படி பணித்ததாகத் திருஏட்டின் தொடக்கமே சொல்கிறது. நான் கல்லாதவன், பிழை பொறுக்க வேண்டும் என்ற தாழ்மையோடு அவர் எழுத்தாணி எடுத்தார்.

ஓலையில் எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பாடு தெரியும். ஓலையைப் பக்குவப்படுத்தி, அளவாக நறுக்கி, கீறல் கிழிசலாகாமல் அழுத்தம் பார்த்து எழுத வேண்டும். அப்புறம் கரி தடவினால்தான் எழுத்து கண்ணுக்குத் தெரியும். 15,000 அடிக்கு மேல், 17 பகுதி! நாராயணர் அன்னை இலட்சுமிக்கு உரைப்பதாக, குறோணி பிறந்த கதை முதல் தர்மயுகம் வரை அம்மானை நடையில், நம் வீட்டுப் பெண்கள் கேட்டாலும் விளங்குகிற தமிழில் அமைந்தது. அதைத் தன் சரக்கு என்று சீடர் ஓர் இடத்திலும் சொல்லிக்கொள்ளவில்லை.

இன்னொன்றும் உண்டு. அய்யா வைகுண்டம் போனது 1026 வைகாசி 21. அந்தச் சேதியும் அகிலத்தில் இருக்கிறது. அய்யா கண்ணெதிரே இருக்கும்போதே, அவரைப் பிரியும் நாளை முன்கூட்டி எழுதியது சீடரின் கை என்பது நம் நம்பிக்கை. சொன்னதை எழுது என்றால் எழுத வேண்டியதுதான். ஆனாலும் அந்த ஓலையை எழுதிவிட்டு அவர் எப்படித்தான் உறங்கினாரோ!

1939-ல் அச்சேறும் வரை ஏடு பார்த்து ஏடு எழுதித்தான் அகிலம் தாங்கல்களுக்குப் பரவியது. அவருடைய தாமரைகுளம் இன்று ஐம்பதிகளில் ஒன்று. கார்த்திகையில் சாமிதோப்பில் 17 நாள் திருஏடு வாசிக்கும்போது, அய்யா சீடரை எழுப்பிய அந்த இராத்திரியிலிருந்துதான் இன்றும் வாசிப்புத் தொடங்குகிறது.